இந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்கலாமா? பழைய ஜப்பானிய வாள் கைக்காப்பு பற்றி ஒரு கேள்வி

பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் கவாசாகியில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிறு டோக்கியோ இன்டர்நேஷனல் ஃபோரம் வளாகத்தில் நடக்கும் ஓஎதோ பழம்பொருள் சந்தைக்குப் போனேன். தேநீர்க் கிண்ணம் வாங்கத்தான் போனது. ஆனால் ஒரு பெரியவரின் விரிப்பில் கிடந்த வட்டத் தகடு ஒன்றைக் கையில் எடுத்தவன், கீழே வைக்க மனமில்லாமல் வாங்கிவிட்டேன். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் வரும் கைக்காப்பு. இங்கே த்சுபா என்கிறார்கள். 38,000 யென் கொடுத்தேன்.

உயரம் 6.9 செ.மீ., அகலம் 6.4 செ.மீ., கனம் ஏறக்குறைய 4 மி.மீ. நடுவில் வாள் நுழைய ஆப்பு வடிவத் துளை. அதற்கு ஒரு பக்கம் அரைநிலா மாதிரி இன்னொரு துளை. முகம் முழுக்கக் கசகசாவைப் பரப்பியது போலப் பொடிப்பொடி மணிகள். அதன் மேல் நாணல், தங்கத்தில் மூன்று காட்டு வாத்துகள், நாணலுக்குப் பின்னால் பாதி தெரியும் நிலா. நிலா வெள்ளி என்றார் பெரியவர், ஆனால் அட்டைக் கரியாக இருக்கிறது. நாணலுக்குள் ஒரு சிறு குழியும் இருக்கிறது. அங்கே ஏதோ இருந்து விழுந்திருக்க வேண்டும்.

மீதி எல்லாம் கறுப்பு. சாய்த்துப் பார்த்தால் கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு நீலம் வந்து போகிறது. வீடியோ அழைப்பில் அம்மாவிடம் காட்டினேன். "புளி போட்டுத் தேய்ச்சு சாம்பலால விளக்குடா, பளிச்சுனு வந்துடும்" என்றார். இரண்டு கேள்விகள். இது உண்மையிலேயே பழையதா? இந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்கலாமா?

நீலக்கல்

தம்பி, தேய்க்க வேண்டாம். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், பற்பசை, எதுவும் வேண்டாம். விரலால் முகத்தைத் தொடுவதைக்கூட இன்றிலிருந்து நிறுத்திவிடுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். அந்தக் கறுப்புக்குத்தான் நீங்கள் 38,000 யென் கொடுத்திருக்கிறீர்கள்.

வேலைக்கு நடுவே எழுதுகிறேன். இரவு விரிவாக எழுதுகிறேன், அதுவரை பொறுத்திருங்கள்.

மழைக்காலம்

அக்கா சொல்வதைக் கேளுங்கள் நண்பரே. நான் செய்த தப்பை இங்கே சொன்னால் உங்களுடையதாவது பிழைக்கும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கொசுகா பிடி வாங்கினேன். கொசுகா என்பது வாளுறையின் பக்கவாட்டில் செருகி வைக்கும் சின்னக் கத்தி. அதன் பிடி விரல் நீளத் தகடு, அதுவும் இதே மாதிரி மணி மணியாகக் கறுப்பு. மேலே ஒரு தங்கக் குதிரை. அழுக்கு என்று நினைத்து பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் கறுப்பு போய்விட்டது. உள்ளே இருந்து வந்தது வெறும் செம்பு நிறம், சமையலறைச் சொம்பு நிறம். அதுவரை இருட்டிலிருந்து பாய்ந்து வந்த குதிரை, செம்பின் சிவப்பில் தங்கத்தின் மஞ்சள் கலந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது.

பிறகு விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். நிறத்தைத் திரும்ப ஏற்றலாம், ஆனால் தேய்த்ததில் மணிகளின் தலை மழுங்கிவிட்டது, அதை யாராலும் திருப்பித் தர முடியாது என்றார். இன்னும் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

செம்பட்டறை

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செம்பு, பித்தளைப் பாத்திர வேலை. அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

உங்கள் தகடு பெரும்பாலும் ஷகுதோ. செம்பில் கொஞ்சம் தங்கம் சேர்த்து உருக்கிய கலவை. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தங்கம் என்பது வழக்கமான அளவு, குறைத்துப் போட்டவர்களும் உண்டு. உருக்கி வார்த்து அடித்ததும் பார்த்தால் இதற்கும் சாதாரணச் செம்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இவ்வளவு தங்கத்தைப் போட்டு ஏன் வீணாக்கினான் என்று எங்கள் தாத்தா கேட்டிருப்பார்.

பதில் கடைசி நாளில் கிடைக்கும். செதுக்கல், பதிப்பு எல்லாம் முடிந்த பிறகு, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் மெருகேற்றி, துருவிய வெள்ளை முள்ளங்கியின் சாற்றில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கொதிக்கும் கரைசலில் இறக்குவார்கள். கரைசலில் இருப்பது ரொகுஷோவும் கொஞ்சம் மயில்துத்தமும். ரொகுஷோ வேறொன்றும் இல்லை, நம் களிம்புதான். செம்பில் பூக்கும் பச்சை. கொதியில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே தூக்கிப் பார்த்து, அலசி, மறுபடி விட வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் அந்த இடம் திட்டாக நிற்கும். இதற்கு நிஇரோ என்று பெயர்.

அந்தக் கொதியில் ஒவ்வொரு உலோகமும் தன் நிறத்தைக் காட்டும். சுத்தச் செம்பு செங்காவியாகும். ஷகுதோ கருநீலமாகும். வெள்ளி கலந்த செம்புக்கு ஷிபுஇச்சி என்று பெயர், 'நாலில் ஒன்று' என்று பொருள். நாலில் ஒரு பங்கு வெள்ளி என்பது பெயரில் உள்ள கணக்கு. பட்டறைக்குப் பட்டறை அது மாறும். அது மழைமேகச் சாம்பல் நிறம் பிடிக்கும். தங்கம் அப்படியே இருக்கும். வெள்ளியும் வெள்ளையாகவே இருக்கும். ஒரே பாத்திரம், ஒரே கரைசல், ஐந்து நிறம். வர்ணம் எதுவும் பூசவில்லை. செதுக்கும்போது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே செம்பு நிறத்தில் கிடக்கும். எது இரவாகும், எது இலையாகும் என்பதை அவன் மனதிலேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறான்.

நம் ஊரில் களிம்பு என்றால் போக்க வேண்டியது. ஆன்மாவைப் பிடித்த மலத்துக்கு உவமையே செம்பில் களிம்புதான். அதே களிம்பைக் காய்ச்சி அதிலிருந்து இந்த நிறத்தை எடுத்தார்கள் என்று முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பனைநிழல்

ஐயா, இதைப் படித்த பிறகு தகட்டைப் பருத்தித் துணியில் சுற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். "தங்கத்தைக் கரைச்சு கறுப்பாக்குவாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒரு சந்தேகம். அந்தக் கறுப்பு எவ்வளவு ஆழம்?

செம்பட்டறை

மேல்தோல் மட்டும்தான். மெல்லிய செம்பு ஆக்சைடுப் படலம். அதற்குள் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள் சிதறி நிற்கின்றன, அவைதான் நீலக் கறுப்பைக் கொடுக்கின்றன. தங்கம் இல்லாத செம்பை அதே கரைசலில் எவ்வளவு நேரம் போட்டாலும் இந்த நிறம் வராது. கெட்டியான பூச்சு இல்லை என்பதால்தான் மழைக்காலம் நண்பருக்குப் பத்தே நிமிடத்தில் போனது.

ஒசாகா நாணயச்சாலையில் 1872 முதல் வேலை பார்த்த வில்லியம் கௌலண்ட் என்ற ஆங்கில உலோகவியலாளர் இந்தக் கலவைகளைப் பகுத்துப் பார்த்து எழுதினார். 

நீலக்கல்

வந்துவிட்டேன். நான் பதினைந்து வருடமாகச் சிங்கப்பூரில் இருந்து இவற்றைச் சேர்க்கிறேன். கையில் அதிகம் இல்லை, ஒன்பது துண்டுதான். பார்த்தவை நிறைய.

பழையதா என்ற கேள்விக்கு வருவோம். படத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நீங்களே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

அந்தக் கசகசா மணிகளுக்கு நனகோ என்று பெயர், மீன்முட்டை என்று பொருள். முனையில் சின்னக் கிண்ணம் போல் குழிந்த உளியை வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மணி. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வரிசை பிசகாமல், ஒன்றோடொன்று ஏறாமல் அடிக்க வேண்டும். அதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சு வாங்கி, நாணலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வரிசைகள் நாணல் தண்டைச் சந்திக்கும் இடத்தில் கைவேலைக்காரன் என்ன செய்திருக்கிறான்? சின்ன உளியாக மாற்றினானா, வளைத்துக் கொண்டுபோனானா, பாதி மணியோடு நிறுத்தினானா? அச்சில் வார்த்த போலியில் எல்லா மணியும் சோப்பு நுரை மாதிரி வழவழவென்று ஒரே சீராக இருக்கும், இடுக்குகளில் கூர்மை இருக்காது.

அடுத்து நடுத்துளை. அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் செம்புத் துண்டு அடைத்திருக்கிறதா? அதற்கு செகிகானே என்று பெயர். ஒரு த்சுபாவை வேறு வாளுக்கு மாற்றும்போது துளை தளர்வாக இருந்தால் மெத்தென்ற செம்பை வைத்து இறுக்குவார்கள். துளையைச் சுற்றி உளியால் அடித்த தழும்புகள் இருக்கும். துளையைச் சுற்றியுள்ள நீள்வட்டம் செப்பா-தாய். அங்கேதான் செப்புச் சில்லுகள் அழுத்தி உட்காரும். ஆகவே அந்த வட்டத்துக்குள் நிறம் வேறு மாதிரி இருக்க வேண்டும். கையெழுத்து இருந்தாலும் அங்கேதான் இருக்கும்.

அரைநிலாத் துளை கொசுகா கத்தி நுழைய. மறுபக்கம் மூன்று மடல் துளை இருந்தால் அது கோகாய் என்னும் ஊசி போன்ற கருவிக்கு. உங்களுடையதில் ஒன்றுதான் இருக்கிறது, அளவும் சிறிது. குட்டை வாளான வாகிசாஷியில் இருந்தது என்பது என் ஊகம்.

இரும்புநேசன்

இழை நன்றாகப் போகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. த்சுபா என்றால் இரும்புதான். வாள் பிடித்த கை அலகின் மேல் வழுக்காமல் நிற்க, வாளின் எடை கைக்குள் அமர, இரண்டுக்கும்தான் அது. ஷகுதோவும் தங்க வாத்தும் சண்டை இல்லாத காலத்தில் வந்தவை. 1615-க்குப் பிறகு பெரிய போர் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. வாள் இடுப்பு அலங்காரமானது, கைக்காப்பு நகையானது.

நோபுஇயே என்ற பழைய த்சுபா கைவினைஞரின் இரும்பைப் பாருங்கள். சுத்தியலின் அடி அப்படியே தெரியும். ஓரத்தில் எலும்பு முண்டு மாதிரி கெட்டி இரும்பு எழும்பி நிற்கும், தெக்கோத்சு என்பார்கள். ஓவாரி சுகாஷி த்சுபாக்களில் தகட்டை வெட்டி வெட்டி, மிஞ்சிய கோட்டிலேயே உருவம் வரும். சாமானே கிடையாது, வெறுமையே வேலை. புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோதோ முசாஷி செய்ததாகச் சொல்லப்படும் கடல் அட்டை வடிவ த்சுபா இரண்டு ஓட்டையும் ஒரு விளிம்பும்தான். அதைவிட என்ன வேண்டும்?

நீலக்கல்

இரும்பின் அழகை யார் மறுத்தார்கள்? என் ஒன்பதில் ஐந்து இரும்பு. ஆனால் அலங்காரம் அமைதிக் காலத்தில் பிறந்தது என்பது சரியில்லை. வாள் சாமான் செதுக்கிய கோத்தோ குடும்பத்தின் முதல்வர் கோத்தோ யூஜோ பிறந்தது 1440, இறந்தது 1512. ஷோகுன் அஷிகாகா யோஷிமசாவிடம் வேலை பார்த்தவர். கண்முன்னே ஓனின் போர் நடந்த காலம், கியோத்தோ எரிந்த காலம். அப்போதே ஷகுதோவில் நனகோ அடித்துத் தங்கம் பதித்த வேலைகள் இருந்தன. அந்தக் குடும்பம் பெரும்பாலும் கொசுகா, கோகாய், பிடியில் பதிக்கும் மெனுகி இவற்றைத்தான் செய்தது. த்சுபா பிறகு.

காலச்சுவடி

இடையில் நுழைகிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது.

கோத்தோ குடும்பம் ஆட்சியாளர் வீட்டுக்கென்றே வேலை செய்த கைவினைஞர்கள். 1588-இல் அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷிக்குப் பெரிய தங்க நாணயமான ஓபான் அடித்துக் கொடுத்ததும் அவர்களே. அடுத்து வந்த தொகுகாவா ஆட்சிக் காலத்தில் பெரிய பிரபு விழா நாளில் அணியும் வாள் என்றால் கோத்தோ வேலைதான் முறை. சிங்கம், டிராகன், குலச்சின்னம் என்று பாடம் வகுத்த மாதிரி கருப்பொருள்கள். அதற்கு வீட்டுச் செதுக்கு என்று பெயர், இஎபோரி.

அதை உடைத்தவர் யொகோயா சோமின் (1670–1733). எதோ என்ற பெயரில் இருந்த அன்றைய டோக்கியோவில் வெளியே வந்து யார் கேட்டாலும் செய்து கொடுத்தார். இது மச்சிபோரி, ஊர்ச் செதுக்கு. அவர் பெயரோடு சேர்ந்தே வருவது கதகிரி-போரி. உளியைச் சாய்த்துப் பிடித்து வெட்டினால் கோட்டின் ஒரு கரை செங்குத்தாகவும் மறு கரை சரிவாகவும் விழும். வெளிச்சம் அதில் புகுந்து, கோடு தூரிகையால் இழுத்த மைக்கோடு மாதிரி தடித்து மெலியும். தூரிகையில் தப்பினால் தாளை மாற்றலாம். உலோகத்தில் தப்பினால் போச்சு. சோமினுக்கு ஹனபுசா இச்சோ என்ற ஓவியரோடு நெருங்கிய நட்பு. அந்த நட்பு அவர் உளியில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் நாரா வழியினர் மூவர்: தோஷினாகா, ஜோஇ, யசுச்சிகா. த்சுசியா யசுச்சிகா இரும்பு, பித்தளை, ஷகுதோ, ஷிபுஇச்சி என்று எதையும் விடவில்லை. காட்சிக்கு எந்த நிறம் வேண்டுமோ அந்த உலோகத்தை எடுத்தார்.

வாங்கியவர்கள் யார்? சாமுராய் மட்டும் இல்லை. வணிகர்கள் நீள வாள் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் குட்டை வாள் ஒன்று அணியலாம். அரிசி வியாபாரத்திலும் துணி வியாபாரத்திலும் சேர்ந்த பணம் அந்தக் குட்டை வாளின் சாமான்களில் இறங்கியது. உங்கள் வாத்து த்சுபா வாகிசாஷிக்கு உரியது என்றால், அது ஒரு வணிகரின் இடுப்பில் இருந்திருக்கவும் இடமுண்டு.

இரும்புநேசன்

காலச்சுவடி ஐயா சொல்வதே என் பக்கம்தான். பணம் வந்தது, தங்கம் ஏறியது.

எதிர்ப்பக்கம் ஹிகோ நாட்டை, அதாவது இன்றைய குமமோதோ பகுதியைப் பாருங்கள். பிரபு ஹொசோகவா சன்சாய் (1563–1646) தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்கியூவிடம் பயின்றவர். அவர் ஆதரவில் வளர்ந்த ஹிகோ த்சுபாக்கள் அடக்கத்தின் உச்சம். ஹயாஷி மதாஷிச்சியின் இரும்பு எண்ணெய் தடவாமலேயே ஈரமாகத் தெரியும்.

நீலக்கல்

அதே மதாஷிச்சியைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்தேன். அவர் குடும்பம் துப்பாக்கிக் கொல்லர்கள். குழலில் தங்கம் பதித்துப் பழகிய கை. அவருடைய 'சாகுரா மலரும் கிழிந்த விசிறியும்' த்சுபா டோக்கியோவின் எய்செய் புங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஹொசோகவா குடும்பச் சேகரிப்பு. முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அரசு அறிவித்த பொருள். இரும்புதான். ஆனால் அந்த இரும்பில் கிழிந்த விசிறியின் தாளும் கம்பும் தங்கத்தில் பதிந்திருக்கின்றன. அங்கங்கே விட்டுவிட்டு. தங்கம் குறைவாக இருப்பதால் அழகு இல்லை, இரும்பின் நிறம் அந்தத் தங்கத்துக்கு இடம் கொடுப்பதால் அழகு.

இரும்பின் அந்த நிறமும் தானாக வந்தது இல்லையே. துருவை வரவழைத்து, அடக்கி, மறுபடி வரவழைத்து ஏற்றிய நிறம். உங்களுக்குப் பிடித்த கருங்காபி நிற இரும்பும் தம்பியின் கத்திரிப்பூ ஷகுதோவும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. மேற்பரப்பை விளைவிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரும்புநேசன்

இதை ஒப்புக்கொள்கிறேன். கிழிந்த விசிறியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தங்கத்தைச் சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆனால் பிற்காலத்தில் ஷகுதோவே தெரியாத அளவுக்கு மயிலும் பியோனி மலரும் நெருக்கிய வேலைகள் இன்னமும் எனக்கு மூச்சு முட்டுகின்றன. அதில் மாற மாட்டேன்.

செம்பட்டறை

அந்தப் பதிப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம். எல்லாத் தங்கமும் ஒரே மாதிரி உட்காருவதில்லை.

தகட்டில் பள்ளம் தோண்டி, பள்ளத்தின் கரையை உள்பக்கமாகக் குடைந்து, தங்கத்தை வைத்துத் தட்டினால் அது விரிந்து கரைக்கு அடியில் போய்ப் பூட்டிக்கொள்ளும். மட்டமாகத் தேய்த்தால் ஹிரா-சோகான், மேலே எழும்பி நின்றால் தகா-சோகான். பற்றாசு இல்லை, ஒட்டுப் பசையும் இல்லை. உங்கள் வாத்துகள் பெரும்பாலும் இந்த வகை.

இன்னொன்று நுனோமே, துணிநெசவு என்று பொருள். இரும்பின் மேல் உளியால் குறுக்கும் நெடுக்கும் பொடிக் கீறல் போட்டு, மெல்லிய தங்கத் தகட்டை வைத்து அழுத்தித் தட்டினால் கீறல்களின் பல் அதைப் பிடித்துக்கொள்ளும். ராஜஸ்தானத்துக் கோஃப்த்காரி ஆயுத வேலையும் இதே முறைதான். நான் உதய்ப்பூரில் ஒருவர் கத்திப் பிடியில் இதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீறலின் சத்தம் மட்டும் காதில் நிற்கிறது, பட்டுப்புழு இலை தின்பது போல.

பனைநிழல், அந்தக் குழியை லென்சில் பார்த்தீர்களா? கரை குடைந்திருக்கிறதா?

பனைநிழல்

ஐந்து நாள் கழித்து வருகிறேன். லென்சு வாங்கிவிட்டேன்.

முதலில் நனகோ. அக்கா சொன்ன இடத்தைப் பார்த்தேன். நாணல் தண்டை நெருங்கும் வரிசை நேராகவே வருகிறது, கடைசி இரண்டு மணிகள் மட்டும் சிறியவை. வேறு உளி! ஒரு தண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூல் நுழையும் இடைவெளிதான், அங்கேயும் மணிகள் இருக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு வரிசை இலேசாகச் சறுக்கி, நாலைந்து மணி தள்ளி மறுபடி நேராகிறது. அன்றைக்கு அவர் கண் அசந்திருக்கலாம், யாராவது கூப்பிட்டிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுத்துளையில் கீழ்ப்பக்கம் ஒரு செம்புத் துண்டு இருக்கிறது. மேல்பக்கம் துண்டு இல்லை, ஆனால் உளித் தழும்பு மூன்று. நீள்வட்டத்துக்குள் கறுப்பு மங்கல், பழுப்பு கலந்திருக்கிறது. கையெழுத்து கிடையாது.

சனிக்கிழமை உஎனோ போய் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் வாள் சாமான்களைப் பார்த்தேன். மறுநாள் ரியோகோக்குவில் உள்ள வாள் அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும், இப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. போன மாதம் என்றால் எல்லாவற்றையும் 'கறுப்புத் தகடு' என்று கடந்து போயிருப்பேன்.

ஒரு கேள்வி: நாணல், வாத்து, நிலா என்றால் ஏதாவது கதையா?

காலச்சுவடி

காட்டு வாத்துகள் இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து ஜப்பானுக்கு வந்து இறங்கும். அந்தக் காலத்தின் அடையாளம் அவை, நிலாவும் அப்படியே. கூடவே ஒரு பழைய சீனக் கதை: ஹான் பேரரசின் தூதர் சூ வூ வடக்கே சிறைப்பட்டபோது வாத்தின் காலில் கடிதம் கட்டி அனுப்பினார் என்று. அதனால் வாத்து என்றாலே தூரத்துச் செய்தி.

பீவா ஏரியின் எட்டுக் காட்சிகளில் ஒன்று 'கததாவில் இறங்கும் வாத்துகள்'. ஆனால் அதைக் காட்டுபவர்கள் பொதுவாக நீரின் மேல் நிற்கும் உகிமிதோ மண்டபத்தையும் வைப்பார்கள். உங்களுடையதில் இல்லை. ஆகவே ஊர்ப் பெயர் சொல்லாத வெறும் இலையுதிர் இரவு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மழைக்காலம்

நிலா கறுத்திருக்கிறதே, அதை மட்டும் துடைக்கலாமா? வெள்ளி கறுப்பது அவர் செய்தது இல்லையே, காலம் செய்ததுதானே. என் குதிரையைக் கெடுத்தவன் கேட்கிறேன், அதனால் பயத்தோடுதான் கேட்கிறேன்.

நீலக்கல்

நல்ல கேள்வி. நானும் நிறைய யோசித்திருக்கிறேன். கொள்கைப்படி நீங்கள் சொல்வது சரி, நிலா வெளுப்பாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் வைத்தார். நடைமுறையில் நிலாவின் விளிம்பு நனகோவைத் தொட்டு நிற்கிறது. துணியின் ஒரு நூல் தாண்டினாலும் ஷகுதோவில் சிவப்புக் கீற்று விழும். அதோடு அந்த விளிம்பில் நாணல் தண்டு ஏறிப் போகிறது. பழகிய கைகள் செய்யட்டும். தம்பி செய்ய வேண்டாம், நானும் செய்ய மாட்டேன்.

இரும்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிவந்து உதிரும் புதுத் துருவை மான்கொம்பு அல்லது எலும்புச் சீவலால் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் நாள்கணக்கில் தேய்க்கலாம். உப்புத்தாள், கம்பிநார், துரு நீக்கும் திரவம் கூடாது.

செம்பட்டறை

1876 மார்ச் 28 அன்று வாள் அணியத் தடை வந்தது. அதற்குப் பிறகு இந்தக் கைகள் என்ன ஆயின என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அன்று வரை உளி பிடித்தவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை. பலர் பூச்சாடி, சாம்பிராணிக் கலசம் என்று ஏற்றுமதிக்குத் திரும்பினார்கள். யொகோஹாமா துறைமுகம் வழியாக வெளிநாடு போவதற்கென்றே அவசர அவசரமாகப் பகட்டாகச் செய்த த்சுபாக்களும் உண்டு, ஹாமாமோனோ என்பார்கள். சந்தையில் அவை நிறைய.

கனோ நத்சுவோ (1828–1898) மட்டும் வேறு கதவு வழியாகப் போனார். புது அரசு நாணயம் அடிக்கத் தொடங்கியபோது, அச்சைப் பிரிட்டனில் செய்து வாங்குவதாக ஏற்பாடு. அவர் செதுக்கிய மாதிரியைப் பார்த்த பிறகு இங்கேயே செய்யலாம் என்று முடிவானது. 1870 என்று தேதியிட்ட டிராகன் போட்ட வெள்ளி யென் அந்தக் கையின் வேலை. 1890-இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் (இன்றைய டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம்) ஆசிரியரானார். இன்று அங்கே உலோகக்கலை படிக்கிறவர்களும் ரொகுஷோ காய்ச்சுகிறார்கள் என்றால் அந்த இழை அறுபடவில்லை என்று அர்த்தம்.

இரும்புநேசன்

நத்சுவோவின் ஒரு த்சுபாவை அடுத்தமுறை நேரில் பார்க்க வேண்டும். அவர் அதிகம் நெருக்க மாட்டார், வெறும் இடம் நிறைய விடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

பனைநிழல்

பெட்டி வந்துவிட்டது. இலேசான கிரி மரம். உள்ளே மெத்தையின் நடுவில் ஒரு மர முளை, த்சுபாவின் நடுத்துளை அதில் மாட்டி நிற்கிறது. முகத்தை எதுவும் தொடவில்லை. நிலாவை அப்படியே விட்டுவிட்டேன்.

ஐயா கேட்ட குழியை மறந்துபோனேன். லென்சில் பார்த்தால் கரை உள்பக்கமாகக் குடைந்துதான் இருக்கிறது. ஒரு மூலையில் மணலளவு தங்கம் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் நாலாவது வாத்து. அது எப்படிப் பறந்தது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

செம்பட்டறை

உண்டு. பள்ளம் வாத்தின் அடிவடிவத்துக்குத்தான் தோண்டப்பட்டிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்துப் போடுங்கள்.

பனைநிழல்

எடுத்துப் போட்டிருக்கிறேன்.

செம்பட்டறை

பார்த்தேன். மேலே உள்ள மூன்றின் அடியும் இறக்கை விரிந்து அகலமாக இருக்கிறது. இந்தப் பள்ளம் குறுகல், முட்டை வடிவம். ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கழுத்து நீண்டு மேலே திரும்பியிருக்கிறது. இறக்கை இல்லை. இது ஏற்கெனவே நாணலுக்குள் இறங்கி, இறக்கையை மடக்கிக்கொண்டு, வருகிற மூன்றையும் அண்ணாந்து பார்த்திருக்கிறது.